முத்துக்குழிவயல்: பக்கத்து மலை, சுற்றுப் பாதை

கேட்கப்பட்டது இது: "நான் நாகர்கோவில்காரன், வேலைக்காகச் சென்னையில் இருக்கிறேன். குமரி மாவட்டத்துக்குள்ளேயே ஊட்டி மாதிரி ஒரு மலை இருக்கிறதாம், முத்துக்குழிவயல் என்று பெயராம். அரிக்கொம்பன் யானையைக் கொண்டு விட்டதும் அங்கேதானாம். பேச்சிப்பாறை வழியாக பைக்கில் ஏறிவிடலாமா? இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஏன் ஒருத்தரும் போவதில்லை?"

முதலில் நேர் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பைக்கில் போக முடியாது. பேச்சிப்பாறை வழியாக எந்த வண்டியிலும் போக முடியாது. அந்தப் பக்கமிருந்து மேலே ஏறும் சாலையே கிடையாது. சாலை திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாற்றில் இருந்து ஏறுகிறது. அது புலிகள் காப்பகத்தின் உட்காட்டுக்குள் போவதால் அனுமதிக் கடிதம் இல்லாமல் செக்போஸ்ட் கம்பு தூக்கமாட்டார்கள். அரிக்கொம்பன் விஷயம் உண்மை. ஏன் ஒருத்தரும் போவதில்லை என்ற கேள்விக்குத்தான் பதில் நீளம்.

இடம் எங்கே என்று பிடிபட வேண்டுமானால் பேச்சிப்பாறை அணையின் மேல் நின்று தண்ணீர்ப் பரப்புக்கு அப்பால் வடக்கே பாருங்கள். பச்சை மலைகள் அடுக்கடுக்காகப் போய் கடைசியில் ஒரு நீண்ட நீல முகடு தெரியும், பெரும்பாலும் மேகத்துக்குள். அந்த முகட்டுக்குப் பின்னால், 1,200 மீட்டருக்கு மேலே, மலை கூர்மையாக முடியாமல் அலை அலையான மேட்டுநிலமாக விரிகிறது. மேல்கோதையாறும் முத்துக்குழிவயலும் அங்கேதான். கிழக்கே 1,645 மீட்டர் உயர மகேந்திரகிரி, வடமேற்கே 1,868 மீட்டர் உயர அகத்தியமலை, இரண்டுக்கும் நடுவே யாரும் கவனிக்காத பகுதி. மகேந்திரகிரிக்கு அனுமன் தாவிய கதை உண்டு, அடிவாரத்தில் இஸ்ரோவின் ராக்கெட் என்ஜின் சோதனை நிலையம் உண்டு. அகத்தியமலைக்கு முனிவர் இருக்கிறார். முத்துக்குழிவயலுக்குப் புராணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. வயல் என்ற பெயரைப் பார்த்து நெல் வயலைத் தேடாதீர்கள். சோலைக்காடுகளுக்கு நடுவே தண்ணீர் ஊறி நிற்கும் புல்வெளிப் பள்ளங்கள்தான் அங்கே இருக்கின்றன.

வரைபடத்தில் அளந்தால் பேச்சிப்பாறையில் இருந்து அந்த இடம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் நாகர்கோவிலில் இருந்து வண்டியில் போகிறவர் ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி, வள்ளியூர், களக்காடு, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி என்று மலையைக் கிழக்கே முக்கால் வட்டம் சுற்றி மணிமுத்தாற்றுக்கு வந்து, அங்கிருந்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு என்று தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடே ஏறி, மறுபடி குமரி மாவட்டத்துக்குள் நுழைய வேண்டும். நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. சொந்த மாவட்டத்தின் உச்சிக்குப் பக்கத்து மாவட்டத்தின் வாசல் வழியாகப் போகிற விசித்திரம் இது. 2023 ஜூன் முதல் வாரத்தில் தேனிப் பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்த அரிக்கொம்பனைக்கூட லாரியில் ஏற்றி மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாகத்தான் மேலே கொண்டுபோனார்கள். யானைக்கே வேறு வழி இல்லை என்றால் பைக்குக்கு எங்கே!

கீழிருந்து ஒரு பாதையும் இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் நமக்கு இல்லை. குலசேகரத்தில் இருந்து பேச்சிப்பாறை தாண்டி கீழ்க்கோதையாறு வரை பஸ் ஓடுகிறது. வழி முழுக்க அரசு ரப்பர் தோட்டம், நடுநடுவே காணிக்காரர் குடியிருப்புகள், அணையின் தண்ணீர் ஒரு கையாக நீண்டு சாலையோடு கூடவே வருகிறது. பஸ் நிற்கும் இடத்தில் மின்வாரியக் குடியிருப்பும் பவர் ஹவுசும் இருக்கின்றன. அதற்குப் பிறகு மலை சுவராக எழும்பி நிற்கிறது. அந்தச் சுவரில் மேலிருந்து கீழே ராட்சதக் குழாய்கள் இறங்குகின்றன. குழாய்களை ஒட்டி ஒரு தண்டவாளம், அதில் கம்பிவடத்தால் இழுக்கப்படும் தள்ளுவண்டி. அதைத்தான் எங்கள் பக்கம் 'விஞ்ச்' என்பார்கள்.

மின்வாரியத்தில் வேலை பார்த்த எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் அந்த விஞ்ச் பயணத்தைப் பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். வண்டியில் இருக்கை என்று சொல்ல ஒரு பலகை. சிமெண்டு மூட்டை, அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் டின், அவற்றுக்கு நடுவே ஆட்கள். ஏறும்போது முதுகு மலைப் பக்கம், முகம் பள்ளத்தைப் பார்த்தபடி. காலுக்குக் கீழே பவர் ஹவுஸ் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்குகிற வரை வெயில். பிறகு ஒரு இடத்தில் திடீரென்று மேகம் மூடிக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாமல் போகும், சட்டை நனைந்துவிடும். புதிதாக வேலைக்கு வந்தவர்களை அதில் ஏற்றும்போது மேஸ்திரி சொல்வாராம், "கீழ பாக்காதீயும் மக்கா, கம்பியப் பாத்தா அதவிட மோசம், கண்ண மூடிக்கிட்டு இரும்." அது வாரியத்தின் ஆட்களுக்கும் சாமான்களுக்கும் உண்டானது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் வண்டி அல்ல. அப்படி ஏற்றிக்கொண்டு போவதாக யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

இந்த மின்திட்டத்தைப் புரிந்துகொண்டால் மலையின் அமைப்பே புரிந்துவிடும். மேல்கோதையாற்றில் ஒரு அணை, குட்டியாறு, சின்னக்குட்டியாறு ஓடைகளில் சிறிய அணைகள். மேட்டுநிலத்தின் தண்ணீரை ஒன்றுசேர்த்துக் குழாய்க்குள் விட்டால் அது பல நூறு மீட்டர் செங்குத்தாக விழுகிறது. விநாடிக்கு 1,000 லிட்டர் தண்ணீர் 100 மீட்டர் விழுந்தால் ஒரு மெகாவாட்டுக்கும் குறைவாகத்தான் மின்சாரம் கிடைக்கும். அதே தண்ணீர் அதைப்போல் எத்தனை மடங்கு உயரத்தில் இருந்து விழுகிறதோ அத்தனை மடங்கு கூடுதல். ஆறு சிறியது, வீழ்ச்சி பெரியது. அதனால்தான் இந்தச் சின்ன ஓடைகளை நம்பி 60 மெகாவாட்டில் ஒரு நிலையமும், அது கழித்துவிட்ட தண்ணீரையே மறுபடி பிடித்து 40 மெகாவாட்டில் இன்னொரு நிலையமும் கட்டினார்கள். 1970, 1971 ஆண்டுகளில் அவை ஓடத் தொடங்கின. இரண்டிலும் சுழன்று முடித்த தண்ணீர் கடைசியில் பேச்சிப்பாறை அணைக்குள் வந்து சேர்கிறது.

பேச்சிப்பாறை அணை அதற்கும் முந்தையது. திருவிதாங்கூர் காலத்தில், மூலம் திருநாள் ஆட்சியில், 1906-ல் முடிந்தது. கட்டிய பொறியாளர் மிஞ்சின் அணைப் பக்கத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். கோதையாற்றை அவர் மறித்தபோது மேலே மின்சாரத் திட்டமெல்லாம் கனவில்கூட இல்லை. மலை தருகிற தண்ணீரைத் தேக்கி வைத்தால் நாஞ்சில் நாட்டுக்கு இரண்டு போகம் உறுதி என்பதுதான் கணக்கு. முதல் போகமான கன்னிப்பூவுக்கு ஜூனில் அணை திறக்கிறார்கள், அதன் அறுவடைக்குப் பிறகு கும்பப்பூ. கால்வாயின் கடைசித் தண்ணீர் ராதாபுரம் வரை போக வேண்டும் என்பதற்காக ஆண்டுதோறும் இரண்டு மாவட்ட விவசாயிகளும் மனு கொடுப்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அத்தனை சண்டைக்கும் மூலத் தண்ணீர் நீங்கள் கேட்ட அந்த மலையில் இருந்துதான் வருகிறது.

அங்கே தென்மேற்குப் பருவமும் பெய்கிறது, வடகிழக்குப் பருவமும் பெய்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பாலான இடங்கள் ஏதாவது ஒன்றை நம்பி இருக்கும். இந்த முகடு இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. மேற்குச் சரிவில் விழுந்தால் கோதையாறு வழியாக அரபிக்கடலுக்கு, தேங்காய்ப்பட்டணத்தில் முகத்துவாரம். கிழக்குச் சரிவில் விழுந்தால் மணிமுத்தாறு, பிறகு பொருநை என்கிற நெல்லையின் தாமிரபரணி, வங்கக்கடலுக்கு. இதில் ஒரு குழப்பம்: குழித்துறை வழியாக ஓடும் நம்முடைய ஆற்றுக்கும் தாமிரபரணி என்றே பெயர், நெல்லையின் ஆற்றுக்கும் அதே பெயர். இரண்டும் வேறு வேறு ஆறுகள். பேச்சுக்கு நடுவில் யாராவது "தாமிரபரணி உற்பத்தியாகிற இடம் முத்துக்குழிவயல்" என்றால் எந்தத் தாமிரபரணி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதிகையில் பிறப்பது நெல்லைக்காரர்களுடையது.

இனி காடு. எனக்குப் பிடித்த பகுதி என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மேட்டுநிலத்தில் தண்ணீர் ஊறி நிற்கும் பள்ளங்கள் போக, மற்ற மடிப்புகள் எல்லாம் சோலைக்காடு, மேடுகள் புல். மரங்கள் ரொம்ப உயரம் போகாமல், காற்றுக்குக் குனிந்து, தண்டு முழுக்கப் பாசியும் ஆர்க்கிட் செடிகளும் ஏறி நிற்கும். கொஞ்சம் இறங்கினால் வெடிப்பலா. அதன் பூ கிளை நுனியில் பூக்காமல் கிளையின் உடம்பிலேயே கொத்தாக ஒட்டிக்கொண்டு இருக்கும், இதழே கிடையாது; காய் முள் பந்து, முற்றினால் வெடிக்கும். வேறு பழம் அதிகம் கிடைக்காத மாதங்களில் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு இதன் பூவையும் காயையும் நம்பித்தான் வயிறு வளர்க்கிறது.

அங்கே பார்க்க வேண்டிய மரம் எது என்று கேட்டால் நான் நிரம்பலியைச் சொல்வேன். பைன், தேவதாரு போன்ற ஊசியிலைக் கூட்டத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியக் காடுகளில் தானாக முளைக்கும் ஊசியிலை இனம் இது ஒன்றுதான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பார்க்கிற பைன் எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டது. ஆனால் நிரம்பலியின் இலையைப் பார்த்தால் ஊசியிலைக் கூட்டம் என்று யாரும் நம்பமாட்டார்கள். அகலமான, தடித்த, பளபளப்பான இலை. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் வித்தியாசம் தெரியும்: மாவிலைக்கும் பலாயிலைக்கும் இருப்பதுபோல நடு நரம்பு இருக்காது. காம்பில் இருந்து நுனி வரை மெல்லிய கோடுகள் பக்கம் பக்கமாக ஓடும், அவ்வளவுதான். மற்ற மரங்களுக்கு நடுவே கூட்டத்தோடு கூட்டமாக நிற்பதால் தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

பாறைச் செங்குத்துகளில் வரைக்கமுகு நிற்கும். நம் தோட்டத்துக் கமுகுக்கு ஒன்றுவிட்ட சொந்தம், ஒல்லியாக, ஆள் ஏற முடியாத விளிம்பு பார்த்து முளைக்கும். மேற்குத்தொடர்ச்சி மலையின் இந்தத் தென்கோடியைத் தவிர வேறெங்கும் இயல்பாக வளர்வதில்லை. யானைக்கு இதன் குருத்து என்றால் உயிர். அதனால் யானை எட்டும் இடத்தில் இருந்தவை போய், எட்டாத இடத்தில் இருப்பவைதான் மிச்சம் என்று காட்டுக்குள் போய்வருகிறவர்கள் சொல்வார்கள். அகத்தியமலைத் தொடருக்கே உரிய ஒரு மஞ்சள் ஆர்க்கிட்டும் உண்டு, பூ செருப்பின் முன்பக்கம் மாதிரிக் குழிந்திருக்கும். 1865-ல் ஹீபர் ட்ரூரி என்ற ராணுவ அதிகாரி கண்டெடுத்தது. அது தெரியவந்த பிறகு நடந்தது என்ன? ஆர்க்கிட் சேகரிப்பவர்களும் வியாபாரிகளும் மூட்டை மூட்டையாகப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இப்போது அருகிக்கொண்டிருக்கும் செடிகளில் அதுவும் ஒன்று. யாரும் அறியாத இடம் என்று ஊரறிய எழுதுவதில் எனக்கு இருக்கும் தயக்கத்துக்கு இந்தச் செடி ஒரு காரணம்.

பறவைகளில் அசம்பு என்ற பெயரைத் தாங்கியவை இரண்டு. தோவாளைப் பக்கத்து மலைக்கு அசம்பு என்று பெயர். அதை வைத்தே வெள்ளைக்காரர்கள் இந்த முழுத் தொடரையும் அசம்பு மலைகள் என்று எழுதினார்கள். அசம்புச் சிரிப்பான் அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே மட்டும் உள்ளது. அசம்புச் சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, உண்மையில் ஒரு சிறு பாடும் பறவை) தனி இனம் என்று 2017-ல்தான் அறிவியல் உலகம் ஒப்புக்கொண்டது. மலை உச்சிகள் கடலில் உள்ள தீவுகளைப் போல ஒன்றுக்கொன்று துண்டுபட்டுக் கிடப்பதால், சோலையை விட்டு இறங்காத சிறு பறவை ஒவ்வொரு தீவிலும் தனித்தனியே மாறிப்போகிறது. ஒரு கணவாயின் சூடான தாழ்நிலம் போதும், அதைத் தாண்டிப் போகாது.

வரையாடும் இந்தத் தொடரில்தான் தன் தென்கோடி எல்லையைத் தொடுகிறது. தமிழ்நாட்டில் 2024-ல் எண்ணியபோது 1,031, 2025-ல் 1,303. பெரும்பகுதி ஆனைமலையிலும் முக்கூர்த்தியிலும் இருக்க, இங்கே முகடு முகடாகச் சிறு கூட்டங்கள். குமரி-கேரள எல்லையில் வரையாட்டுமொட்டை என்று ஒரு சிகரத்துக்குப் பெயரே இருக்கிறது.

அரிக்கொம்பனுக்கு வருகிறேன். அது மூணாறுப் பக்கத்துச் சின்னக்கானல் யானை. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்று பழகி, உயிர்ச்சேதமும் ஏற்பட்டு, 2023 ஏப்ரல் கடைசியில் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். அடுத்த மாதமே கம்பம் ஊருக்குள் இறங்கியது. அதன் பிறகுதான் ரேடியோ காலரோடு மேல்கோதையாறு, முத்துக்குழி வனப்பகுதி. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது: புல் உண்டு, தண்ணீர் உண்டு, ஊர் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் நாலுமுக்கு, ஊத்து தேயிலைத் தோட்டப் பக்கம் வந்து வாழையைச் சாய்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கீழே பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிக்காரர்கள் அந்த நாட்களில் சரியாகத் தூங்கவில்லை. அவர்களுடைய பயத்தைக் கேலி செய்கிறவர்கள் ஓலை வீட்டில் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கட்டும்.

காணிக்காரர்களைப் பற்றி ஒரு சொல். கோதையாறு, குட்டியாறு, தச்சமலை, மோதிரமலை என்று அடிவாரக் காடுகளில் அவர்கள் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்களின் தலைவரை மூட்டுக்காணி என்பார்கள். நோய் வந்தால் கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசிக்கொண்டு சாற்றுப்பாட்டு பாடுவது இன்றும் முற்றிலும் அற்றுப்போகவில்லை. பழைய காலத்தில் மேலே ஏறிய எந்தத் துரைக்கும் எந்த ஆராய்ச்சியாளருக்கும் முன்னால் வெட்டுக்கத்தியோடு நடந்தது ஒரு காணிக்காரர்தான். புத்தகத்தில் துரையின் பெயர் இருக்கும், செடிக்கும் துரையின் பெயர் இருக்கும். வழி காட்டியவர் பெயர் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு காணி அண்ணாச்சியிடம் அட்டைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். காலைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியிருந்தது. "இது சும்மா கொஞ்ச தூரத்துக்கு சாறே. மழ பெய்தா எல்லாம் கழுவிப்போவும். பிறவு அதுக்கு வேண்டியத அது குடிக்கும், நமக்கு வேண்டியது நடக்கது."

இப்போது சட்டம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988-ல் வந்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். 1996-ல் குமரி மாவட்டத்தின் வீரப்புலி, கீழமலை காப்புக்காடுகளில் 77 சதுர கிலோமீட்டரை அதோடு சேர்ப்பதாக அறிவித்தார்கள். குமரிக் காட்டின் பெரும்பகுதி, 402 சதுர கிலோமீட்டர், கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம். ஆகவே எந்தப் பக்கம் திரும்பினாலும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் இடம். அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். யூடியூபில் யாராவது கீழ்க்கோதையாற்றில் இருந்து நடந்து ஏறியதாக வீடியோ போட்டிருந்தால், அவர் வழக்குக்கு ஆதாரத்தைத் தானே எடுத்துக்கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"குமரியின் ஊட்டி" என்று மேடையில் பேசுகிறவர்கள், பேச்சிப்பாறையில் இருந்து மேலே ரோடு போடக் கோருகிறவர்கள் அவ்வப்போது வருவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊட்டி என்ன ஆனது என்று பார்த்த பிறகும் இன்னொரு ஊட்டி கேட்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. இந்த மலையில் ஏற்கெனவே சோதித்துப் பார்த்தாயிற்று. 1860-களில் அசம்புப் பக்கம் காப்பித் தோட்டம் போட வந்தார்கள். இலைத்துரு நோய் 1869-ல் இலங்கையில் தலைகாட்டி, பிறகு இங்கும் வந்து, காப்பி விழுந்தது. அழித்த காடு திரும்பவில்லை. மணிமுத்தாற்றுப் பக்கம் 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கரை ஒரு தேயிலைக் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது, அதுதான் மாஞ்சோலை. குத்தகை 2028-ல் முடிகிறது. கம்பெனி முன்கூட்டியே 2024-ல் தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பிவிட்டது. நாலைந்து தலைமுறையாக அட்டைக் கடியில் கொழுந்து பறித்தவர்கள் இறங்கி எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். காட்டை அழித்ததில் லாபம் பார்த்தவர் ஒருவர், இப்போது காடு வேண்டும் என்று சொல்லும்போது இடத்தைக் காலி செய்கிறவர் வேறொருவர். மலையில் போட்ட எந்தச் சாலைக்கும் இப்படி ஒரு பின்கதை இருக்கும்.

மின்வாரியம் மட்டும் காட்டைத் தொடவில்லையா என்று கேட்பீர்கள். தொட்டது. அணை கட்டியபோது சோலை மூழ்கியது, குழாய்க்கும் விஞ்சுக்கும் மரம் வெட்டப்பட்டது, குடியிருப்பு வந்தது. அதை மூடிமறைக்க வேண்டியதில்லை. ஆனால் பொதுச் சாலை வராததால் அந்தக் காயம் அந்த அளவோடு நின்றது. ரிசார்ட் வரவில்லை, பிளாஸ்டிக் தட்டு வரவில்லை, மது பாட்டில் உடைந்து யானைக் காலில் ஏறவில்லை. திற்பரப்பிலும் மணிமுத்தாற்று அருவியிலும் ஒரு விடுமுறை நாளுக்கு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள், நான் என்ன சொல்கிறேன் என்று தெரியும்.

இன்னொன்று, அந்தப் புல்வெளிப் பள்ளங்கள் வெறும் காட்சிக்கு அல்ல. மழையை வாங்கி, மண்ணுக்குள் வைத்துக்கொண்டு, பிப்ரவரி மார்ச்சில்கூட ஓடையைச் சொட்டவிடுகிறவை அவைதான். அந்த மண்ணில் ஜீப் டயர் ஒரு தடம் போட்டால் அடுத்த மழையில் தடம் வாய்க்காலாகும், அதற்கடுத்த மழையில் பள்ளம் வடிந்து காயும். கும்பப்பூ பயிர் கதிர் விடும்போது கால்வாயில் தண்ணீர் குறைந்தால் திட்டு வாங்குவது பொதுப்பணித் துறை. காரணம் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

அப்படியானால் நீங்கள் என்ன செய்யலாம்? ஊருக்கு வரும்போது ஒரு நாள் ஒதுக்கி கீழ்க்கோதையாறு பஸ்சில் ஏறுங்கள். ஜன்னல் ஓரம், தண்ணீர் தெரிகிற பக்கம். டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை நல்லது. மழை விட்டு மூன்று நாலு நாள் ஆன காலையாக இருந்தால் முகடு முழுசாகத் தெரியும், பத்து மணிக்கு மேல் மேகம் ஏறிவிடும். மின்வாரிய வேலிக்குள் போகாதீர்கள், குழாயின் பக்கம் கேமராவை நீட்டினால் காவலர் வருவார். வழியில் ரப்பர் தோட்டத்துக் குடியிருப்புகளில் இலங்கையில் இருந்து தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1964 சாஸ்திரி-சிரிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த குடும்பங்கள். அவர்கள் பேச்சில் கண்டித் தமிழும் குலசேகரத்துத் தமிழும் கலந்து கிடக்கும். டீக்கடையில் உட்கார்ந்தாலே ஒரு வரலாறு கிடைக்கும்.

மலை ஏறியே ஆக வேண்டும் என்றால் மாறாமலைப் பக்கம் யோசியுங்கள், கிராம்புத் தோட்டங்கள். 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கன்னியாகுமரிக் கிராம்பு அந்தப் பக்கத்து மலைகளில் இருந்துதான் வருகிறது. ஆனால் அதற்கும் தோட்டக்காரர் ஒருவருடைய அழைப்பு வேண்டும், வனத்துறை செக்போஸ்டிலும் சொல்லியாக வேண்டும். காட்டோரத்தில் காளி கோயிலும் ஓடையும் உள்ள காளிகேசம் குடும்பத்தோடு போக வசதி, அதையும் போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மழை நாட்களில் மூடிவிடுவார்கள்.

மாஞ்சோலை வரையாவது போகலாமா என்றால், அம்பாசமுத்திரத்தில் உள்ள புலிகள் காப்பக அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று அளவு உண்டு, இருசக்கர வாகனத்தைப் பொதுவாக விடுவதில்லை, விதிகள் அடிக்கடி மாறும். போன வருடம் போய்வந்த நண்பர் சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள். கிடைத்தாலும் நாலுமுக்கைத் தாண்டி மேல்கோதையாற்றுக்கு அந்த அனுமதி செல்லாது.

சட்டப்படி முத்துக்குழிவயலை மிதிக்க எனக்குத் தெரிந்து மூன்று வகை ஆட்களுக்குத்தான் வழி. மின்வாரியம் அல்லது வனத்துறையில் வேலை. பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ மூலமாகத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி பெற்ற ஆராய்ச்சி. மூன்றாவது உங்களுக்குச் சரிப்படலாம்: புலிகள் காப்பகத்தில் வன உயிரினக் கணக்கெடுப்பு நடக்கும்போது சில ஆண்டுகளில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். விண்ணப்பித்துத் தேர்வானால் எந்தப் பீட் (வனக்காவல் பகுதி) கிடைக்கும் என்பது அவர்கள் கையில். கோதையாறு சரகம் விழுந்தால் உங்கள் அதிர்ஷ்டம். நாள் முழுக்க நடக்க வேண்டும், எச்சத்தையும் கால்தடத்தையும் பார்த்துக் குறிக்க வேண்டும், வயர்லெஸ் தவிர வேறு தொடர்பு இருக்காது. அட்டைக்கு இறுக்கமான துணிக் காலுறை தைத்து வைத்துக்கொள்ளுங்கள், கடையில் கிடைக்கும் உல்லன் சாக்ஸ் உதவாது. ஒரு நல்ல ரெயின்கோட், மாற்றுத் துணி இரண்டு ஜோடி. குடை கொண்டுபோக வேண்டாம், அங்கே அடிக்கிற காற்றில் அது நிற்காது.